தமிழில் மனு: எங்கே மடக்குவார்கள், எப்படி மீள்வது

“இங்கிலீஷ்ல எழுதிட்டு வாங்கம்மா.” பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்து வங்கிக் கவுன்டரிலும் ரயில்வே அலுவலகத்திலும் இந்த ஒரு வரியைக் கேட்டுத் திரும்பியவர்கள் ஏராளம். வெளியே ஒருவரிடம் காசு கொடுத்து எழுதி வாங்குகிறார்கள். தாளில் என்ன இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவருக்கே தெரிவதில்லை. குறை தீர்க்கக் கோரும் மனுவை இப்படித் திருப்பி அனுப்ப அந்த அலுவலருக்கு உரிமை இல்லை.

அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: குறை தீர்க்கக் கோரும் மனுவை, மத்திய அரசு அலுவலரானால் நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும், மாநில அலுவலரானால் அந்த மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம். படித்திருக்க வேண்டும், வக்கீல் வைக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் கிடையாது.

சிக்கல் “குறை” என்ற சொல்லில் இருக்கிறது. கடன் விண்ணப்பம், கணக்குத் திறக்கும் படிவம் இவையெல்லாம் குறை மனு அல்ல. படிவத்தைத் தமிழில் நிரப்பிக்கொண்டு போய் 350 என்று வாதாடினால், “அது இதுக்குப் பொருந்தாது” என்பார்கள். அந்த இடத்தில் அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் தமிழ்ப் படிவம் தர மறுத்ததே ஒரு குறை. எந்தத் தேதி, எந்தக் கவுன்டர், என்ன சொன்னார்கள் என்று நாலு வரி எழுதுங்கள். தலைப்பிலேயே “அரசியலமைப்பு 350-ஆம் பிரிவின்படி தமிழில் அளிக்கும் மனு” என்று போடுங்கள். அதை வாங்க மாட்டேன் என்று சொல்ல வழியில்லை.

இன்னொரு பொறி: 1976-ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகளை மேற்கோள் காட்டச் சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த விதிகள் தமிழ்நாடு நீங்கலாகத்தான் இந்தியாவுக்குப் பொருந்தும். அதன் முதல் விதியே அப்படிச் சொல்கிறது. அதை எழுதினால் விவரம் தெரிந்த அலுவலர் ஒரே வரியில் மனுவை மூடிவிடுவார்.

மனுவை வெறுங்கையாகக் கொடுத்துவிட்டு வரக் கூடாது. ஜெராக்ஸ் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். “சீல் போடறவர் லீவு” என்றால் அங்கேயே நின்று மல்லுக்கட்ட வேண்டாம், நேரே தபால் நிலையம் போங்கள். பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. விரைவுத் தபால் ரசீதையும், சேர்ந்ததாகக் காட்டும் இணையப் பக்கத்தின் அச்சையும் பத்திரமாக வையுங்கள். சீலோ ரசீதோ இல்லாத மனு கொடுக்காத மனுதான்.

பதில் எந்த மொழியில் வரும்? தமிழில்தான் பதில் தர வேண்டும் என்று 350 வெளிப்படையாகச் சொல்லவில்லை. இந்தியில் வந்தால் சும்மா விடாதீர்கள். ஆங்கிலக் கடிதத்துக்கு இந்தியில் பதில் வந்ததை எதிர்த்து மதுரை நாடாளுமன்ற உறுப்பினர் சு. வெங்கடேசன் தொடர்ந்த வழக்கில், ஆங்கிலத்திலேயே பதில் தர வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில் சொன்னது. அதனால் முடிந்தவர்கள் தமிழ் மனுவோடு ஒரு பக்க ஆங்கிலப் படியையும் இணைத்து, “தமிழ் மனுவே மூலம்” என்று எழுதிவிடலாம். இந்திப் பதில் வந்தால் அந்தத் தீர்ப்பைச் சொல்லித் திருப்பிக் கேட்க அது கைகொடுக்கும்.

வங்கியில் இன்னும் தெளிவான விதிகள் உண்டு. காசோலையைத் தமிழில் எழுதலாம். ரிசர்வ் வங்கியே அனுமதித்திருக்கிறது. பணம் கட்டும் சீட்டு, கணக்குப் படிவம், பாஸ்புக் எல்லாம் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும்.

குழுக்கடன் வாங்கும், கடல்பாசி எடுக்கும் பெண்களும் கருவாட்டு வியாபாரிகளும் இதைக் கவனிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி நெறிமுறைப்படி, ஈடு இல்லாத சிறுகடனின் ஒப்பந்தமும் லோன் கார்டும் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருந்தாக வேண்டும். குறை சொல்ல வேண்டிய அதிகாரியின் பெயரும் போன் நம்பரும் கார்டில் இருக்க வேண்டும். உங்கள் சம்மதம் இல்லாமல் இன்சூரன்ஸைக் கடனோடு சேர்த்துக் கட்டவும் கூடாது. குடும்ப ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்குள் இருந்தால்தான் இந்த நெறிமுறை பொருந்தும். நகையை அடகு வைத்து வாங்கிய கடன் இதில் வராது, அதற்கு விதி வேறு. இரண்டையும் குழப்பி எழுதிய புகார் முதல் மேசையிலேயே நின்றுவிடும்.

புகார் முதலில் வங்கிக்குத்தான் போக வேண்டும். 30 நாள் ஆகியும் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. 14448-இல் விவரம் கேட்கலாம். அவசரப்பட்டு நேரே அங்கே போனால் தள்ளுபடி. வக்கீல் மூலம் அனுப்பினாலும் தள்ளுபடி. உங்கள் கையெழுத்தில் போகட்டும்.

மனுவுக்குப் பதிலே வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். அதிலும் விண்ணப்பம் தமிழில் போதும்; எழுத முடியாதவர் வாயால் சொன்னால் பொதுத் தகவல் அலுவலர் எழுத உதவ வேண்டும் என்று 6-ஆம் பிரிவு சொல்கிறது. “ஏன் பதில் இல்லை?” என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல என்று மூடிவிடுவார்கள். “இன்ன தேதி மனு எந்த மேசையில், எந்த நிலையில் இருக்கிறது, அதன் கோப்புக் குறிப்புகளின் நகல்” என்று கேளுங்கள். நகல் கோப்பில் உள்ள மொழியிலேயே வரும், மொழிபெயர்த்துத் தரமாட்டார்கள்.

அதிகம் பேர் சறுக்குவது பத்து ரூபாய்க் கட்டணத்தில். கலெக்டர் ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பழகிய கை, ரயில்வேக்கும் அதையே ஒட்டி அனுப்பிவிடுகிறது. மத்திய அலுவலகங்கள் அதை ஏற்பதில்லை. தபால் நிலையத்தில் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வாங்கி, அந்த அலுவலகத்தின் அக்கவுண்ட்ஸ் ஆபீசர் பெயருக்கு எழுதி, அதன் எண்ணை விண்ணப்பத்திலும் குறியுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை, அதையும் தமிழிலேயே எழுதலாம்.