டெல்டிக்: மூன்று கிராங்குகளில் ஒன்று மட்டும் ஏன் எதிர்த்திசையில் சுழன்றது?

டெல்டிக் என்பது பிரிட்டனில் உருவான ஒரு டூ ஸ்ட்ரோக் டீசல் இன்ஜின். டூ ஸ்ட்ரோக் என்றாலே புகையும் வீணாகும் பெட்ரோலும்தான் ஆர்எக்ஸ் 100 பைக் தலைமுறைக்கு நினைவுக்கு வரும். எரிந்த புகை வெளியேறும் வழியிலேயே புதுக் கலவையும் நழுவிவிடுவதுதான் அதன் நோய். சிலிண்டருக்குள் வெறும் காற்றை மட்டும் அனுப்பி, டீசலைக் கடைசியில் பீய்ச்சினால் எரிபொருள் நழுவாது. ஆனால் பழைய புகையை முழுதாக விரட்டும் வேலை அப்படியே இருக்கிறது.

அதற்கு ஒரு பழைய வழி, ஒரே சிலிண்டருக்குள் எதிரெதிராக இரண்டு பிஸ்டன்கள். சிலிண்டரின் முனையை மூடும் ஹெட் கிடையாது, வால்வு கிடையாது. ஒரு முனையில் காற்றுத் துளைகள், மறுமுனையில் புகைத் துளைகள். பிஸ்டன்களே அவற்றைத் திறந்து மூடும். காற்று ஒரே திசையில் சிலிண்டரைத் துடைத்துக்கொண்டு போகும். ஜெர்மனியில் யுங்கர்ஸ் நிறுவனம் 1930களிலேயே இந்த முறையில் விமான டீசல் இன்ஜின் செய்தது. பிரிட்டனின் நேப்பியர் அதற்கு உரிமம் வாங்கியிருந்தது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விரைவுப் படகுகள் பெட்ரோலில் ஓடின; குண்டு பட்டால் பற்றி எரிந்தன. அதனால் போருக்குப் பின் கடற்படை, எடை குறைந்த, வலுவான டீசல் இன்ஜின் கேட்டது. இங்கிலிஷ் எலக்ட்ரிக் குழுமத்தைச் சேர்ந்த நேப்பியர் உருவாக்கியது டெல்டிக்: சிலிண்டர்களை முக்கோண வடிவில் அடுக்கிய இன்ஜின். பக்கத்துக்கு 6 என 18 சிலிண்டர்கள், 36 பிஸ்டன்கள், பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க்ஷாஃப்டுகள் மூலைக்கு ஒன்றாக 3, கொள்ளளவு சுமார் 88 லிட்டர்.

இதில் என்னைக் கட்டிப்போடுவது அந்த மூன்று கிராங்குகளின் கணக்கு.

இரு பிஸ்டன்களும் ஒரே கணத்தில் நகர்ந்தால் சரிவராது. புகையின் அழுத்தம் இறங்க, எக்ஸாஸ்ட் துளை, அதாவது புகைத் துளை, முதலில் திறக்க வேண்டும். அப்படித் திறக்கும்படி அதை உயரமாக வெட்டினால், மூடும்போது அதுவே கடைசியில் மூடும். ஊதி அனுப்பிய காற்று தப்பிவிடும். ஆகவே எக்ஸாஸ்ட் பிஸ்டன் தன் ஜோடியைவிடச் சற்று முந்தி ஓட வேண்டும். முந்தித் திறக்கும், முந்தி மூடும்.

எவ்வளவு முந்துவது? முக்கோணத்தில் அதை வடிவியலே தீர்மானிக்கிறது. கிராங்கில் பிஸ்டன் தண்டு மாட்டும் ஒவ்வொரு முளையிலும் (கிராங்க் பின்) இரு பக்கத்துப் பிஸ்டன்கள் மாட்டியிருக்கும்: ஒரு சிலிண்டரின் இன்லெட் (காற்றுப் பக்க) பிஸ்டன், அடுத்ததன் எக்ஸாஸ்ட் பிஸ்டன். மூலைக் கோணம் 60 டிகிரி. அதனால் ஒரு பிஸ்டனை உள்முனைக்குத் தள்ளிய கிராங்க், இன்னும் 60 டிகிரி சுழன்றால்தான் மற்றதைத் தள்ளும். இப்போது ஒரு மூலையில் கிளம்பி முக்கோணத்தைச் சுற்றி வாருங்கள். மூலைகளில் சேர்ந்த கோணமும் மூன்று சிலிண்டர்களின் முந்தலும் ஒன்றையொன்று ஈடுகட்ட வேண்டும்.

மூன்று கிராங்குகளும் ஒரே திசையில் சுழன்றால் 60 + 60 + 60 = 180. மூன்று சிலிண்டர்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 60 டிகிரி முந்தல். இது மிக அதிகம். எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளி முடிக்கும் முன்பே துளை திறந்துவிடும். ஒரு கிராங்கை மட்டும் எதிர்த்திசையில் சுழற்றினால் 60 + 60 − 60 = 60. பங்கிட்டால் 20 டிகிரி. இன்ஜினுக்குத் தேவைப்பட்டது ஏறத்தாழ அதுவே! கடற்படையின் பொறியியல் ஆய்வகத்தில் வரைவாளராக இருந்த ஹெர்பர்ட் பென்வார்டன்தான் இந்த யோசனையைச் சொன்னவர். இரும்பை வெட்டுவதற்கு முன், காகிதத்தில் தீர்ந்த சிக்கல் இது.

இதோடு இன்னொரு லாபமும் உண்டு. யுங்கர்ஸ் இன்ஜினில் எக்ஸாஸ்ட் பக்கக் கிராங்க்தான் அதிகச் சுமை தாங்கியது. டெல்டிக்கில் ஒவ்வொரு கிராங்கிலும் இரு வகைப் பிஸ்டன்களும் இருப்பதால் மூன்றும் சுமையைச் சமமாகப் பகிர்ந்தன.

தொல்லைகளும் இருந்தன. எக்ஸாஸ்ட் பிஸ்டனின் தலையைச் சூடான புகை ஓயாமல் உரசிச் செல்லும். வெப்பத்தை விரைவாகக் கடத்தச் செம்புக் கலவையில் தலை செய்ய வேண்டியிருந்தது. நெடுநேரம் ஐடிலில் விட்டால், எரியாத டீசலும் மசகெண்ணெயும் புகை சேரும் உருளையில் தேங்கும். பிறகு திடீரென வேகம் கூட்டினால் அது பற்றிக்கொண்டு, புகைபோக்கி வழியே தீப்பொறி பறக்கும்.

1961-62இல் பிரிட்டிஷ் ரயில்வேக்கு 22 டெல்டிக் ரயில் இன்ஜின்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் 1650 குதிரைத்திறன் கொண்ட இரண்டு டெல்டிக்குகள். மொத்தம் 3300 குதிரைத்திறன், எடை சுமார் 100 டன். லண்டன்–எடின்பரோ பாதையில் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓடின. பழுது என்றால் பணிமனையில் அங்கேயே பிரிக்கவில்லை. முழு டெல்டிக்கையும் தூக்கிவிட்டு வேறொன்றை இறக்கினார்கள். 36 பிஸ்டன்களை அவசரத்தில் பிரித்துக் கோக்க முடியாதே.

இவ்வளவு சிக்கலான இன்ஜினை லாபக் கணக்கு மட்டும் பார்க்கும் நிறுவனம் தொட்டிருக்காது. கடற்படையின் பணமும் பொறுமையும்தான் அதைப் பிறப்பித்தன. போர்த் தேவை இல்லாமலேயே இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு அரசுகள் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த 22 ரயில் இன்ஜின்களும் 1982 ஜனவரிக்குள் ஓய்வு பெற்றன. அவற்றில் சில இன்றும் ஓடும் நிலையில் பாதுகாக்கப்படுகின்றன.