கேப்ராக்: அடைபாறை

கரியமில வாயுவை நிலத்தடியில் செலுத்திச் சேமிப்பது பற்றி எதைப் படித்தாலும் 'கேப்ராக்' என்ற சொல் வந்துவிடும். சேமிப்புப் பாறைக்கு மேலே கிடந்து, வாயுவை மேலேற விடாமல் தடுக்கும் பாறைப்படலம் அது.

'கேப்' என்பதன் மூலம், தலையை மூடும் உடையைக் குறித்த பிற்கால இலத்தீன் 'காப்பா'. அப்படியே பெயர்த்தால் தொப்பிப்பாறை. நயாகரா அருவிக்கு அது சரி. அங்கே உச்சியில் கெட்டியான டோலமைட், அடியில் எளிதில் அரிபடும் களிப்பாறை. அந்த டோலமைட்டும் ஆங்கிலத்தில் கேப்ராக்தான். வாயுச் சேமிப்பிலோ கதை தலைகீழ். நயாகராவில் அரிபட்டுப்போகும் களிப்பாறை வகைதான் இங்கே காவல்காரன்.

சுமார் 800 மீட்டருக்குக் கீழே கரியமில வாயு அழுத்தத்தால் திரவம்போல் அடர்ந்துவிடும். ஆனாலும் பாறைத் துளைகளில் சுற்றியுள்ள உப்புநீரைவிட எடை குறைவு என்பதால் மேலேறப் பார்க்கும். களிப்பாறையின் துளைகள் மிக நுண்ணியவை. அவற்றில் நிற்கும் நீரைத் தள்ளிக்கொண்டு வாயுவால் எளிதில் நுழைய முடியாது. நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் கடலடி மணற்கல்லில் செலுத்திய வாயுவை இப்படியொரு படலம்தான் அடக்கி வைத்திருக்கிறது.

சரி, அது எப்போது தோற்கும்? செலுத்தும் வேகம் கூடினால் துளைகளில் அழுத்தம் ஏறும். பாறையை இறுக்கிப் பிடித்திருக்கும் தகைவு அந்த அளவுக்குத் தளரும். விரிசல் திறக்கலாம், பழைய பிளவு வழுக்கலாம். அல்ஜீரியாவின் இன் சாலா எரிவாயு வயலில் 2004-இல் தொடங்கி சுமார் 38 லட்சம் டன் செலுத்தினார்கள். வாயு செலுத்திய கிணறுகளுக்கு மேலே பாலைவனத் தரை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்வதைச் செயற்கைக்கோள் ரேடார் காட்டியது. ஒரு கிணற்றருகே தரை எழும்பிய வடிவம், ஆழத்தில் விரிசல் திறந்திருப்பதைச் சொன்னது. காப்புப் படலத்தின் அடிப்பகுதி விரிந்திருக்குமோ என்ற கவலையில் 2011-இல் செலுத்துவதை நிறுத்தினார்கள். படலம் முழுவதையும் தாண்டி வாயு வரவில்லை. சிறு கசிவு வந்தது பழைய கிணறு ஒன்றின் வழியே. பாறையைவிடக் கிணற்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் போலும்!

தமிழில் 'மூடுபாறை' என்றால் யாருக்கும் புரியும். ஆனால் மூடுவது மேலே கிடந்தாலே போதும். அடைப்பது அழுத்தத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டும். அதனால் சேமிப்புக்கு 'அடைபாறை' என்பதே என் தேர்வு. உப்புப் படலம் அந்த வேலையைச் செய்யும் இடங்களிலும் இச்சொல் பொருந்தும். தொப்பிப்பாறையை நயாகராவுக்கே விட்டுவிடலாம்.