தொடாத கார்டுக்கு சிபில்ல கறையா? அவசரப்பட்டு செட்டில்மெண்ட்டுக்கு ஒத்துக்காதீங்க

லோன் ஆலோசனைக்கு எங்கிட்ட வர்ற சின்னப் பசங்ககிட்ட இப்போ அடிக்கடி பாக்குறேன். முதல் வேலை, முதல் பைக் லோன், அப்ளை பண்ணா ரிஜெக்ட், "நான் கடனே வாங்கலையே சார்"னு முழிக்கிறாங்க.

போன மாசம் வந்த ஒரு தம்பியோட சிபில் ரிப்போர்ட்ல, அதாவது கடன் வரலாற்று ரிப்போர்ட்ல, இருந்ததே ஒரே ஒரு அக்கவுண்ட்தான், காலேஜ் முடிக்கிற சமயம் யாரோ ஃபார்ம் நிரப்பி வாங்கிக் குடுத்த கிரெடிட் கார்டு. கவரையே பிரிக்கல. ஆனா ஸ்டேட்மெண்ட்ல வருஷக் கட்டணம் 499, அதுக்கு 18% ஜிஎஸ்டி, அதைக் கட்டலன்னு லேட் ஃபீ, அந்த லேட் ஃபீக்கும் ஜிஎஸ்டி, மேல வட்டின்னு ஏறிட்டே போயிருக்கு. ரிப்போர்ட்ல மாசக் கட்டங்கள்ல 030, 060, 090ன்னு இருக்கு, அதாவது எத்தனை நாளா பாக்கி நிக்குதுங்கிற கணக்கு.

இந்த நேரத்துலதான் கலெக்‌ஷன் ஆளு ஃபோன் பண்ணி பாதி கட்டுங்க முடிச்சுடலாம்னு சொல்லுவாரு. தயவுசெஞ்சு ஒத்துக்காதீங்க. பாதி கட்டினா ரிப்போர்ட்ல 'செட்டில்ட்'னு விழும், அடுத்து லோன் குடுக்கிறவங்க அதை முழுசா கட்டாத ஆளுன்னுதான் படிப்பாங்க.

முதல்ல பாக்க வேண்டியது கார்டு ஆக்டிவேட் ஆச்சா இல்லையான்னு. ஆர்பிஐயோட கார்டு விதிகள்படி, புது கார்டு ஆக்டிவேட் ஆகறதுக்கு முன்னாடி அந்த அக்கவுண்ட்ட பத்தி கிரெடிட் பீரோவுக்கு (சிபில் மாதிரி கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கிற கம்பெனி) அனுப்பவே கூடாது. 30 நாளுக்கு மேல ஆக்டிவேட் பண்ணாம இருந்தா ஓடிபி மூலமா சம்மதம் கேக்கணும், வரலன்னா 7 வேலை நாளுக்குள்ள செலவில்லாம மூடணும். கேக்காமலே அனுப்பின கார்டுக்கு பில் போட்டிருந்தா அதை ரிவர்ஸ் பண்ணணும், அதோட ரெண்டு மடங்கு அபராதமும் உங்களுக்குத் தரணும். ஆனா நீங்களே ஆக்டிவேட் பண்ணிட்டு சும்மா வச்சிருந்தா கதை வேற, கட்டணத்த முன்னாடியே சொல்லியிருந்தா அது நியாயமான பாக்கிதான், முழுசா கட்டி 'க்ளோஸ்ட்'னு எழுத்துல வாங்குறதுதான் நல்லது.

ஃபோன்ல சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல, பேங்கோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போடுங்க. எந்த தேதியில கார்டு வந்துச்சு, ஆக்டிவேட் பண்ணல, ஒரு டிரான்சாக்‌ஷன் கூட இல்ல, கட்டணத்த ரிவர்ஸ் பண்ணி பீரோவுல இருந்து எடுங்கன்னு நாலு வரி போதும். கூடவே பீரோ வெப்சைட்லயும் டிஸ்ப்யூட் (இந்தப் பதிவு தப்புன்னு ஆட்சேபம்) போடுங்க, பேங்க் சரின்னு சொல்லாம பீரோ தானா எதையும் மாத்தாது, அதனால ரெண்டு பக்கமும் தட்டணும். 30 நாள்ல தீர்க்கலன்னா அதுக்கு மேல ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபா நஷ்டஈடு உண்டு, இது 2024 ஏப்ரல்ல இருந்து நடைமுறையில இருக்கு. பேங்க் 30 நாள்ல பதிலே சொல்லலன்னா பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கிற ஆர்பிஐ ஓம்பட்ஸ்மன்கிட்ட ஆன்லைன்லயே புகார் குடுக்கலாம், காசு கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

இன்னொன்னு, சிபில்ல மட்டும் சரியானா போதாது. எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், க்ரிஃப் ஹை மார்க்னு இன்னும் மூணு பீரோ இருக்கு, நாலுலயும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம், நாலையும் எடுத்துப் பாருங்க.

அந்த அக்கவுண்ட் போனதும் சில பேருக்கு கிரெடிட் ஸ்கோரே (கடனை ஒழுங்கா கட்டுறீங்களான்னு காட்டுற மதிப்பெண்) இல்லாம போயிடும், வேற கடன் வரலாறு இல்லாததால, அதுக்குப் பயப்பட வேண்டாம். ஒரு சின்ன எஃப்டி போட்டு அது மேல ஒரு கார்டு வாங்கி, லிமிட்ல கொஞ்சமா மட்டும் செலவு பண்ணி, மாசாமாசம் முழு பில்லையும் தேதிக்கு முன்னாடி கட்டிட்டு வாங்க, சில மாசத்துலயே புது ஸ்கோர் வர ஆரம்பிச்சிடும்.