ஸ்டிக்கரைப் பார்த்துக் கம்ப்யூட்டர் வாங்காதீர்கள்

"இந்த லேப்டாப் வாங்கலாமா?" என்று கேட்பவர்கள் கூடவே ஒரு விளம்பரப் படத்தையும் அனுப்பிவிடுவார்கள். ஐ7 புராசஸர், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி என்று ஒரே வரி இருக்கும். கம்ப்யூட்டர் சர்வீஸ்தான் என் தொழில். என் மேசைக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை அந்த வரியில் இல்லாத விஷயங்களைப் பற்றியவை. திரையில் பார்த்த நிறம் அச்சில் வரவில்லை என்பார் ஒருவர். அரை மணி நேரம் வீடியோ எடிட் செய்தாலே மெஷின் திணறுகிறது என்பார் இன்னொருவர். ரேமைக் கூட்டலாம் என்று கழற்றிப் பார்த்தால் ஸ்லாட்டே இருக்காது.

அதனால் யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: பின்னால் மாற்ற முடியாத பாகத்துக்கு முதலில் பணத்தை ஒதுக்குங்கள், மாற்றக்கூடியதில் சிக்கனம் பிடியுங்கள். லேப்டாப்பில் புராசஸர், திரை, கூலிங் மூன்றும் வாங்கிய அன்று எப்படியோ கடைசிவரை அப்படித்தான். ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டியைப் பெரும்பாலான மாடல்களில் பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம். ரேம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மெல்லிய மாடல்களில் அதை மதர்போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட மெஷினில் 8 ஜிபி வாங்கினால் அதன் ஆயுள் முழுக்க 8 ஜிபிதான். கூடுதல் ஸ்லாட் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டால் "இருக்கும் சார்" என்றுதான் பதில் வரும். தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடலின் விவரப் பக்கத்தை நீங்களே திறந்து பாருங்கள்.

புராசஸர் ஸ்டிக்கரின் கதைக்கு ஓர் உதாரணம் போதும். இன்டெல் கோர் ஐ7 7500யூ 2016இல் வந்தது. அதில் இருப்பது இரண்டே கோர் (கணக்கிடும் வேலையைச் செய்யும் பகுதி). அடுத்த ஆண்டு வந்த ஐ5 8250யூவில் நான்கு கோர். ஐ7 ஒட்டிய லேப்டாப்தான் உசத்தி என்று நினைத்து முதலாவதை வாங்கியவர், ஒரே நேரத்தில் பல வேலை செய்யும்போது இரண்டாவதிடம் தோற்றுப்போவார். ஐ5, ஐ7 என்பதைவிட அதற்குப் பின்னால் வரும் எண்ணையும் எழுத்தையும் பாருங்கள். எண்ணின் தொடக்கம் தலைமுறையைச் சொல்லும். கடைசியில் யூ என்றால் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் ரகம், ஹெச் என்றால் அதிக மின்சாரம் எடுத்து அதிக வேலை செய்யும் ரகம். 2023 இறுதியில் இன்டெல் "கோர் அல்ட்ரா" என்று பெயரிடும் முறையையே மாற்றிவிட்டதால் குழப்பம் இன்னும் கூடிவிட்டது. மாடலின் முழுப் பெயரைத் தேடிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

பழைய லேப்டாப் வாங்குபவர்களுக்கு அந்தத் தலைமுறை எண் இன்னொரு விதத்திலும் முக்கியம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய புராசஸரும். மேலே சொன்ன ஐ7 அந்தப் பட்டியலில் இல்லை, ஐ5 இருக்கிறது. பட்டியலில் இல்லாத மெஷினில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டு உங்கள் தலையில் கட்டுபவர்கள் உண்டு. அடுத்த பெரிய அப்டேட் வரும்போது அது எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். அப்படி ஒரு பழைய மெஷின் ஏற்கெனவே கையில் இருந்தால் லினக்ஸ் போட்டுப் பாருங்கள். எழுத்து வேலைக்கும் இணையத்துக்கும் அது தாராளமாகப் போதும்.

இனி திரை. படம், வடிவமைப்பு, வீடியோ என்று நிறத்தோடு புழங்குபவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். "ஃபுல் ஹெச்டி ஐபிஎஸ்" (ஐபிஎஸ் என்பது ஒரு வகைத் திரை) என்று போட்டிருந்தால் நல்ல திரை என்று நம்பிவிடுகிறோம். விவரப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் "45% என்டிஎஸ்சி" என்று இருக்கும். திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கான அளவு அது. இணையத்தின் பொது நிற அளவான எஸ்ஆர்ஜிபியில் ஏறக்குறைய 60 சதவீதத்தைத்தான் அந்தத் திரை காட்டும். அடர்ந்த சிவப்பும் பச்சையும் அதில் வெளிறித் தெரியும். புத்தக அட்டை வடிவமைக்கும் ஒருவர் இப்படி ஒரு லேப்டாப்பில் வேலை செய்துவந்தார். திரையில் சிவப்பு சோகையாகத் தெரிந்ததால் நிறத்தின் அடர்த்தியை, அதாவது சாச்சுரேஷனைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். அச்சாகி வந்த அட்டையில் முகமெல்லாம் செக்கச்செவேல். அச்சகத்தைத் திட்டிவிட்டுத்தான் என்னிடம் வந்தார். அதே ஃபைலை நல்ல மானிட்டரில் திறந்து காட்டினேன். அச்சில் வந்தது அப்படியே அங்கே இருந்தது.

"100% எஸ்ஆர்ஜிபி" என்றோ, அதற்குக் கிட்டத்தட்ட இணையான "72% என்டிஎஸ்சி" என்றோ போட்டிருந்தால் தைரியமாக வாங்கலாம். பட்ஜெட் இடம் தராவிட்டால் சாதாரணத் திரையுள்ள லேப்டாப்பையே வாங்கிக்கொண்டு, நிற வேலைக்குத் தனியாக 100% எஸ்ஆர்ஜிபி காட்டும் ஓர் ஐபிஎஸ் மானிட்டரைப் பக்கத்தில் வையுங்கள். லேப்டாப்பை மாற்றினாலும் மானிட்டர் கூடவே வரும். பெரிய திரையில் கழுத்தும் கண்ணும் பிழைக்கும். அச்சு வேலையே பிழைப்பு என்பவர்கள், திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் கேலிபரேட்டர் ஒன்றில் முதலீடு செய்து, வெண்மையை 6500 கெல்வினுக்கும் வெளிச்சத்தை 120 நிட் அளவுக்கும் அமைத்துக்கொள்வது நல்லது. கேலிபரேட்டர் வாங்காதவர்கள், இரவில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் வசதியை வேலை நேரத்தில் அணைத்துவைத்தாலே போதும். பாதிப் பிரச்சினை தீரும். அதை ஆன் செய்தபடியே படங்களுக்கு நிறம் திருத்தி, எல்லாமே நீலமாகப் போய்விட்டது என்று புலம்பியவர்கள் இருக்கிறார்கள்.

எந்த வேலைக்கு எது என்பதில் ஒரு பொது மயக்கம் உண்டு: "கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் எல்லாம் வேகமாகும்." விளையாட்டுக்கும் முப்பரிமாண வேலைக்கும் சரி. புகைப்படத்துக்கு ரேமும் திரையும் முந்தும். இசைப்பதிவு செய்பவருக்குச் சத்தம் போடாத ஃபேனும் நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸும் வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டால் அவருக்குப் பயனில்லை. வீடியோவில் கேமரா எந்த ஃபார்மட்டில் பதிவு செய்கிறது என்பதுதான் விஷயம். நிறத்தை அதிக நுணுக்கமாகப் பதியும் சில கேமராக்களின் 10 பிட் 4:2:2 ஃபைல்களை, விலையுயர்ந்த சில கார்டுகள்கூட ஹார்டுவேரில் பிரித்துப் படிக்காமல் புராசஸரிடம் தள்ளிவிடும். மெஷின் வாங்கும் முன் உங்கள் கேமரா ஃபைல் ஒன்றைப் பென் டிரைவில் எடுத்துப்போய் ஓட்டிப் பாருங்கள். கையில் இருக்கும் மெஷினே திணறினால் எடிட்டிங் மென்பொருளில் பிராக்ஸி ஃபைல் (அதே வீடியோவின் சிறிய, இலகுவான நகல்) உருவாக்கி வேலை செய்யுங்கள். புது லேப்டாப் செலவைத் தள்ளிப்போட எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல வழி இல்லை.

வரையத் தொடங்குபவர்கள் திரையில்லாத பென் டேப்லெட்டில் ஆரம்பிக்கலாம். பேனாவின் அழுத்தத்தை உணரும் பிரஷர் லெவல் 8192ஆ, 16384ஆ என்று கவலைப்படாதீர்கள், கைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. டிரைவர் ஒழுங்காக வேலை செய்கிறதா, மாற்று நிப் (பேனா முனை) தனியாகக் கிடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நிப் தேய்ந்து ஒரு பக்கம் கூராகிவிட்டால் டேப்லெட்டின் மேற்பரப்பைக் கீறிவிடும்.

வெளிப்புற எஸ்எஸ்டி, பென் டிரைவ் வாங்கும்போதுதான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். நம்ப முடியாத குறைந்த விலையில் 2 டிபி (டெராபைட்) என்று விற்கப்படும் பல டிரைவ்களுக்குள் இருப்பது சின்ன மெமரி கார்டு ஒன்று. உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் சிப்பைப் பொய் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். கம்ப்யூட்டரில் சொருகினால் 2 டிபி என்றே காட்டும், ஃபார்மட்டும் ஆகும், ஃபைல்களும் காப்பி ஆகும். உண்மையான கொள்ளளவு தீர்ந்த பிறகு எழுதப்படுபவை பழையவற்றின் மேலேயே எழுதப்படும், அல்லது எங்கும் எழுதப்படாது. ஃபைல் பெயர் அழகாக இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது. டிரைவை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்க்கும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவச மென்பொருளை ஓட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். நேரம் பிடிக்கும்தான். முக்கியமானதை ஏற்றும் முன்பே, திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் செய்துவிடுங்கள்.

இன்னமும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் ஓடும் பழைய மெஷின் இருந்தால், புதியது வாங்கும் முன் அந்த ஹார்ட் டிஸ்க்கின் இணைப்பிலேயே பொருந்தும் ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டுப் பாருங்கள். காசுக்கு ஏற்ற பலன் தருவதில் அதற்கு இணை கிடையாது. புதிய லேப்டாப்களில் வரும் என்விஎம்இ எஸ்எஸ்டி அதைவிடப் பல மடங்கு வேகம் என்பது உண்மை. ஆனால் பெரிய வீடியோ ஃபைல்களைப் புரட்டாதவருக்கு அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. எதுவாக இருந்தாலும் வழிய வழிய நிரப்பாமல் பத்து, பதினைந்து சதவீதம் காலியாக விடுங்கள். நிரம்பிய எஸ்எஸ்டி மந்தமாகக்கூடும்.

பராமரிப்பு என்றால் முதலில் சூடுதான். "வைரஸ் வந்துவிட்டது போல, ரொம்ப ஸ்லோ" என்று வரும் லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி ஃபேனைத் தூக்கினால், ஃபேனுக்கும், சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் செப்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசியும் முடியும் சேர்ந்து கம்பளித் துண்டு போல ஒரு படலம் நிற்கும். விரலால் பிடித்து இழுத்தால் முழுசாகக் கையோடு வரும். காற்று போக வழியில்லாமல் புராசஸர் 100 டிகிரியை நெருங்கும்போது, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அந்தப் படலத்தை எடுத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை, அதாவது சூட்டைக் கடத்தும் பசையைத் துடைத்துப் புதிதாகப் பூசினால் மெஷின் பழைய வேகத்துக்கு வந்துவிடும். வெளியிலிருந்து நீங்களே காற்றடித்துச் சுத்தம் செய்வதானால் மெஷினை அணைத்துவிட்டு, ஃபேன் இறக்கை சுழலாதபடி மெல்லிய குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். அதிவேகத்தில் சுழன்றால் பேரிங் போய்விடும். வீட்டு வேக்குவம் கிளீனரை உள்ளே விடாதீர்கள். அதில் உருவாகும் நிலைமின்சாரம் சிப்புகளுக்கு ஆபத்து. மெத்தையில் வைத்து வேலை செய்யும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அடிப்பக்கத் துளைகள் அடைபட்டுப்போகும்.

டச்பேட் கிளிக் ஆகவில்லை, அல்லது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது என்றால் டச்பேட் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். அடியில் இருக்கும் பேட்டரி உப்பியிருக்கலாம். மெஷினை அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். அழுத்திப் பார்ப்பதும் குத்திப் பார்ப்பதும் தீயில் முடியும். நாள் முழுக்க சார்ஜரிலேயே இருக்கும் லேப்டாப் என்றால், சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பு பல பிராண்டுகளில் இருக்கிறது; அதை ஆன் செய்யுங்கள். லித்தியம் அயன் பேட்டரிக்கு ஆகாதவை சூடும், எப்போதும் நிரம்பியே இருப்பதும்.

டெஸ்க்டாப்காரர்களுக்கு: மின்சாரம் தரும் பாகமான எஸ்எம்பிஎஸ்ஸில் மலிவு பார்க்காதீர்கள், அது போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். யூபிஎஸ் பேட்டரியை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்ற வேண்டியிருக்கும். லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் சொருகாதீர்கள், அது இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யூபிஎஸ் தாங்காது.

எல்லா பாகத்துக்கும் மாற்று உண்டு, உங்கள் ஃபைல்களுக்கு இல்லை. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்ற 3-2-1 முறையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் ஃபைல்களை இணையத்தில் தானாகப் பிரதியெடுக்கும் கிளவுட் சிங்க் இருக்கிறதே என்று அதையே பேக்கப்பாக நம்புகிறார்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அதன் வேலையே அதுதான். எப்போதும் சொருகியே இருக்கும் வெளி டிரைவும் முழுப் பாதுகாப்பு ஆகாது, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஹார்ட் டிஸ்க்காவது சாகும் முன் முனகும். எஸ்எஸ்டி பல சமயம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடும்.

சர்வீஸுக்குக் கொடுப்பதற்கு முன் இன்னொன்றைப் பாருங்கள். இப்போது வரும் பல விண்டோஸ் 11 லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிரைவ் தானாகக் குறியாக்கம் செய்து (பிட்லாக்கர்) பூட்டப்படுகிறது. பூட்டப்பட்டிருப்பதே பலருக்குத் தெரியாது. மதர்போர்டை மாற்றினால், சில சமயம் மெஷினைத் தொடக்கிவைக்கும் பயாஸ் மென்பொருளை அப்டேட் செய்தாலே, 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்டு மெஷின் நின்றுவிடும். அந்த எண் இல்லாவிட்டால் எந்த டெக்னீஷியனாலும் ஒரு ஃபைலைக்கூட மீட்க முடியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனப் பக்கத்தில் அது இருக்கும். இன்றே எடுத்துத் தாளில் எழுதிவையுங்கள். அதே லேப்டாப்பின் டெஸ்க்டாப்பில் ஒரு ஃபைலாக மட்டும் வைத்துக்கொண்டு என்னிடம் வராதீர்கள்.