‘தவறான உள்ளீடு’ என்றால், எந்தக் கட்டத்தில்?

படிவத்தை நிரப்பி சப்மிட் அழுத்தியதும் மேலே சிவப்பில் ஒரே வரி: ‘தவறான உள்ளீடு’. எந்தக் கட்டம், என்ன தவறு, எப்படித் திருத்துவது? ஒன்றும் தெரியாது. கோட் ரிவ்யூவில் இந்த வரி இன்னமும் அடிக்கடி கண்ணில் படுகிறது. உள்ளீடு சரியா என்று பார்க்கும் வேலிடேஷனுக்கு மெனக்கெடும் டெவலப்பர்கள், அது தோற்றால் பயனரிடம் என்ன சொல்வது என்பதைக் கடைசி நேரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

கார்டு எண் கேட்கும் கட்டத்தையே பாருங்கள். பெரும்பாலான கார்டுகளில் 16 இலக்கங்கள் நான்கு நான்காகப் பிரித்து அச்சாகியிருக்கும். பயனரும் அதைப் பார்த்து அப்படியே இடைவெளி விட்டு டைப் செய்கிறார். உடனே ‘செல்லாத எண்’ என்கிறது படிவம். அவர் கார்டையும் திரையையும் மாறி மாறிப் பார்க்கிறார், எல்லா இலக்கமும் சரியாகத்தான் இருக்கிறது! இங்கே செய்தியே தேவையில்லை. ஸ்பேஸை நீக்கிவிட்டுச் சரிபார்க்க ஒரு வரி கோட் போதும்.

நிஜமாகவே ஓர் இலக்கம் மாறியிருந்தால்? கார்டு எண்ணின் கடைசி இலக்கம், மற்ற இலக்கங்களை வைத்து ‘லூன்’ என்ற சூத்திரத்தால் கணக்கிட்ட சோதனை இலக்கம். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஓர் இலக்கப் பிழை சர்வருக்குப் போகாமலே பிடிபட்டுவிடும். அப்போது ‘ஏதோ ஓர் இலக்கம் மாறியிருக்கலாம், கார்டைப் பார்த்துச் சரிபாருங்கள்’ என்று அந்தக் கட்டத்துக்குக் கீழேயே சொல்லுங்கள்.

எப்போது சொல்வது என்பதும் முக்கியம். இமெயிலில் இரண்டு எழுத்து அடிப்பதற்குள் சிவப்பாவது எரிச்சல். கட்டத்தை விட்டு நகர்ந்த பிறகு காட்டுங்கள். ஆனால் திருத்தும்போது, உள்ளீடு சரியாகிவிட்ட அந்த நொடியே செய்தி மறைய வேண்டும்.

சிவப்புக் கரை மட்டும் போட்டால் நிறக்குருடு உள்ளவருக்கு அது தெரியாமலே போகலாம். நிறத்தை மட்டும் நம்பாதே, பிழையை எழுத்தில் சொல் என்ற இரண்டுமே டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல்தன்மை விதிகளில் அடிப்படையான ‘ஏ’ நிலையிலேயே இருக்கின்றன. திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடருக்காக, செய்தியை ‘ஏரியா-டிஸ்கிரைப்ட்பை’ (aria-describedby) என்ற எச்டிஎம்எல் பண்பு மூலம் கட்டத்தோடு இணைத்துவிடுங்கள்.

அப்புறம், பிரவுசரில் செய்யும் சரிபார்ப்பை யாரும் தாண்டிவிடலாம் என்பதால் சர்வரிலும் சரிபார்த்தே ஆக வேண்டும். அங்கிருந்து வரும் பிழையும் அதே கட்டத்துக்குக் கீழேதான் தெரிய வேண்டும். பாஸ்வேர்டைத் தவிர, டைப் செய்த எதுவும் அழியக் கூடாது. மொத்தப் படிவத்தையும் திரும்ப நிரப்பச் சொன்னால் பாதிப் பேர் டேபை மூடிவிடுவார்கள் என்பது என் அனுமானம். நானும் மூடுவேன்.

தெளிவாகச் சொல்லக் கூடாத இடமும் ஒன்று உண்டு: லாகின். ‘இந்தப் பெயரில் கணக்கு இல்லை’ என்றால், யாருக்குக் கணக்கு இருக்கிறது என்பதைத் தாக்குபவருக்கு நாமே சொல்லிக்கொடுக்கிறோம். ‘பயனர்பெயர் அல்லது பாஸ்வேர்டு தவறு’ என்பதோடு நிறுத்துங்கள். இங்கே மறைத்துவிட்டு, பதிவுப் பக்கத்தில் ‘இந்த இமெயில் ஏற்கெனவே உள்ளது’ என்று காட்டினால் மறைத்தது வீண். அங்கே எல்லோருக்கும் ‘மெயிலைப் பாருங்கள்’ என்று மட்டும் காட்டி, கணக்கு இருக்கும் விஷயத்தை மெயிலில் சொல்லலாம்.