சிசேரியனுக்குப் பிறகு பிள்ளையை எங்கே படுக்க வைப்பது?

சிசேரியன் செய்த தாய்க்கு முதல் ஆறு கிழமையும் பிள்ளையின் படுக்கை எந்த உயரத்தில், கட்டிலின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது பெரிய விஷயம். காரணம் வயிற்றுச் சுவரில் இருக்கிறது. சத்திரசிகிச்சையில் தோல், கொழுப்பு, அதன் கீழுள்ள உறுதியான வெண்படலம், கருப்பை எல்லாம் வெட்டித் தைக்கப்படுகின்றன. தசைகள் பெரும்பாலும் வெட்டப்படாமல் இருபக்கமும் விலக்கப்படும். தோல் பத்து நாளளவில் ஒட்டிவிடும். வெண்படலமோ ஆறு கிழமை கழிந்தும் பழைய பலத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் எட்டியிருக்கும். மல்லாந்து கிடந்து நேராக எழும்பினால் வயிற்றுத் தசை இறுகி அந்தத் தையலை இழுக்கும். முழங்காலை மடித்து, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப ஒருக்களித்து, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழும்ப வேண்டும்.

தூக்குவதிலும் ஒரு கணக்கு உண்டு. 3 கிலோப் பிள்ளையை உடலிலிருந்து 20 சென்ரிமீற்றரில் அணைத்துத் தூக்குவதைவிட, 60 சென்ரிமீற்றருக்குக் கையை நீட்டித் தூக்கும்போது அந்தப் பாரம் உடலை முன்னுக்கு வளைக்கும் திருப்பம் மூன்று மடங்கு. நிலத்தில் விரித்த பாயும் உயரமான கம்பித் தொட்டிலும் இதனாலேயே இப்போதைக்குச் சரிவராது.

சரிவருவது, தாயின் மெத்தை மட்டத்தில் கட்டிலோடு சேர்ந்து நிற்கும் ஒருபக்கம் திறந்த சிறு தொட்டில். கட்டில், உட்கார்ந்தால் பாதம் நிலத்தில் முழுதாகப் படியும் உயரமாக இருக்கட்டும். ஆறடிக் கட்டிலில் இரண்டரை அடித் தொட்டிலைத் தலைமாட்டோடு வைத்தால், இடுப்புக்குக் கீழே கால் இறக்க இடம் மிஞ்சும். தொட்டில் அதைவிட நீளமென்றால் தாய் மற்றப் பக்கத்தால் இறங்க வேண்டும். கட்டிலைச் சுவரிலிருந்து முன்கூட்டியே இழுத்து வையுங்கள்.

இங்கே பிழைப்பது இடைவெளியில்தான். பிள்ளையின் உடல் நழுவும் இடுக்கில் தலை சிக்கிக்கொள்ளும். தொட்டிலைக் கட்டில் சட்டத்தோடு கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஒவ்வொரு இரவும் தள்ளிப் பாருங்கள். துவாயைச் சுருட்டி இடுக்கை அடைப்பது இன்னும் ஆபத்து, முகம் அதில் புதையலாம். தொட்டில் மெத்தை உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால் குழி நிற்காத அளவுக்குக் கெட்டியாக வேண்டும். இறுக்கி விரித்த ஒரு துணி போதும். தலகணி, போர்வை, பொம்மை ஒன்றும் வேண்டாம்.

மல்லாத்தியே படுக்க வையுங்கள். பால் கக்கினால் புரையேறும் என்று அம்மம்மாமார் பயப்படுவதுண்டு. மல்லாந்து கிடக்கையில் உணவுக்குழாய் மூச்சுக்குழாய்க்குக் கீழே இருப்பதால், பால் மேலேறித்தான் மூச்சுக்குழாய்க்குள் போகவேண்டும். குப்புறக் கிடந்தால் நிலைமை தலைகீழ். பிரித்தானியாவில் 1991இல் பிள்ளையை மல்லாத்திப் படுக்க வைக்கச் சொல்லும் பிரசாரம் தொடங்கி, சில ஆண்டுகளில் திடீர்ச் சிசு மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின.

ஏணை பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. ஆட்டத்தில் பிள்ளை நித்திரையாகும், உண்மை. ஆனால் சீலையின் வளைவில் முதுகு கூனி, பெருத்த பிடரி தலையை முன்தள்ள, நாடி நெஞ்சில் படிகிறது. சில மில்லிமீற்றரே அகலமான மூச்சுப்பாதையின் ஆரை பாதியானால் காற்றோட்டத் தடை 16 மடங்காகும். பிள்ளை மூச்சுத் திணறும் சத்தமே கேட்காது. மடியில் ஆட்டி நித்திரையாக்கி, தட்டையான படுக்கைக்கு மாற்றுங்கள்.

நித்திரை வரவைக்கும் வலிமருந்து எடுத்த இரவில் பிள்ளை தாயின் மெத்தையில் தங்கவே கூடாது. எட்டு மாதத்தில் பிறந்த பிள்ளைக்கும், 2.5 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கும் எந்த இரவும் கூடாது. பால் கொடுக்கையில் கண்ணயர்வது வழமை; சோபாவிலோ சாய்கதிரையிலோ அது மிக ஆபத்து. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக் கொடுத்தால் காயத்தில் பாரமும் விழாது. தலகணியை முதுகுக்குப் பின்னால் வையுங்கள், பிள்ளையின் பக்கம் அல்ல.

நுளம்பு வலை கட்டிலையும் தொட்டிலையும் சேர்த்து மூடும் ஒரே வலையாக இருந்தால், இரவில் தாய் வலையை எடுத்துச் செருகி உடலை முறுக்கத் தேவையில்லை. விளிம்பை வேறொருவர் மெத்தைக்கடியில் செருகி, வலை பிள்ளையின் முகத்தில் படாதவாறு இழுத்துக் கட்டட்டும். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. மாரிகாலத்தில் பகல் நித்திரைக்கும் வலை வேண்டும். நுளம்புத்திரிப் புகை அறைக்குள் வேண்டாம்.