அன்லிமிடெட்னா 'வரம்பற்ற'வா?

மொபைல் ரீசார்ஜ் மெசேஜ்ல 'வரம்பற்ற அழைப்புகள்'னு படிச்சுப் படிச்சு மரத்துப்போச்சு, சரின்னு விட்டுட்டேன். நேத்து ஒரு ஹோட்டல் வாசல்ல 'வரம்பற்ற சாப்பாடு'ன்னு பேனர். இதுக்கு மேல முடியலைங்க. அன்லிமிடெட்டுக்கு 'அளவற்ற'ன்னு நல்ல சொல் இருக்கே.

அள, அளத்தல், அளவு. அளக்க முடியாதது அளவில்லாதது, அளவிலா, அளவற்ற. சொற்பிறப்பு அவ்ளோதான். கூடவே 'அலகிலா'ன்னு ஒண்ணு உண்டு, கம்பராமாயணம் முதல் பாட்டுலயே "அலகிலா விளையாட்டுடையார்"னு வரும். மீட்டர், கிலோகிராமுக்கு ஸ்கூல் புக்குல 'அலகு'ன்னு வெச்சது அதே சொல்தான், வெச்சவர் கையில மோதிரமே போடலாம்.

ஆனா வரம்பு? அது வயல் வரப்பு. "வரப்புயர"ன்னு ஔவையார் வாழ்த்தினது எதுக்கு, வரப்பு உயர்ந்தா நீர் உயரும், நீர் உயர்ந்தா நெல் உயரும்னுதானே. அப்போ வரப்பே இல்லாத வயல்ல என்ன இருக்கும், விட்ட தண்ணி பூரா பக்கத்து வயலுக்குப் போயிருக்கும். பழைய செய்யுள்ல 'வரம்பிலா' உயர்வாவும் வரும், மறுக்கல, ஆனா இன்னைக்குப் பேச்சுல வரம்பு மீறினான், வரம்பில்லாம பேசுறான்னா திட்டுதான். அதைக் கொண்டுவந்து சோத்துக்குப் போடுறாங்க.

உடனே ஒருத்தர் வருவார், "அளவுங்கிறது மெஷர், லிமிட் வேறங்க"ன்னு. ஏங்க, அம்மா "அளவா சாப்பிடு"ன்னா தராசை எடுத்துட்டா வந்து உக்காருறோம்? அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுன்னு சொன்னது லிமிட் இல்லாம வேற என்ன? தமிழ்ல அளவுங்கிற ஒரே சொல் ரெண்டையும் தாங்கும், இங்கிலீஷ்ல ரெண்டு சொல் இருக்குன்னு இங்கயும் ரெண்டாப் பிளக்கணும்னு எவன் சொன்னான். டேட்டாவுக்காவது வரம்பு இல்லையான்னா அதுவும் கிடையாது, தினசரி ஜிபி தீர்ந்ததும் 64 கேபிபிஎஸ்ல நொண்டுது.

இதே மொழிபெயர்ப்பாளர்கள்தான் 'எண்ணற்ற மகிழ்ச்சி'ன்னும் எழுதுறாங்க. ஒண்ணு ரெண்டுன்னு எண்ணக்கூடிய ஜாதியா இருந்தாத்தானே எண்ணற்றதாக முடியும், நட்சத்திரம் எண்ணற்றது, மகிழ்ச்சி அளவற்றது. டிக்‌ஷனரில முதல்ல கண்ணுல படுறதை ஒட்டவெச்சுட்டு அடுத்த வரிக்குப் போயிடுறது.

சரி, பசிக்குதேன்னு அந்த ஹோட்டலுக்குள்ளயே போய் உக்காந்தேன். சர்வர் அண்ணன் இலையைப் போட்டுட்டுக் கேட்டார்: "அளவுச் சாப்பாடா சார், ஃபுல்லா?"